வாத்தியாருக்கு அருவா கொடுத்த சினிமா

"என்னய்யா, நாடகத்தனமா நடிக்கிறான்?" படம் பார்த்துட்டு வர்ற நம்மாளுங்க வாயில் சுலபமா வர்ற வசவு இது. நாடகம்னா கத்துறது, கண்ணை உருட்டுறது, அவ்வளவுதான் இவங்களுக்கு. இவங்களை நிக்க வெச்சு ஒரே ஒரு பேரைச் சொல்லணும்: பசுபதி.

ந. முத்துசாமி 1977-ல் ஆரம்பிச்ச கூத்துப்பட்டறையில் வருஷக்கணக்கா உடம்பையும் குரலையும் பழக்கினவர். புரிசை கண்ணப்ப தம்பிரான் மாதிரி தெருக்கூத்து ஆசான்கள் சொல்லிக் கொடுத்த இடம் அது. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு நம்ம சினிமா என்ன கொடுத்தது? 2003-ல் தூள், 2004-ல் சுள்ளான், 2005-ல் திருப்பாச்சி. கையில் அருவா, கண்ணில் கோபம், கடைசியில் ஹீரோகிட்ட அடி. முடிஞ்சுது கதை.

நடுவில் 2004-ல் விருமாண்டி வந்தது. ஒரே சம்பவத்தைக் கொத்தாளத் தேவர் ஒரு விதமா சொல்றார், விருமாண்டி வேற விதமா சொல்றான். முதல் தடவை நியாயஸ்தனா தெரியற அதே ஆள், அடுத்த தடவை நயவஞ்சகன். மீசை மாறலை, வேட்டி மாறலை, பார்வைதான் மாறுது. இதுக்குப் பேர்தான் மேடைப் பயிற்சி சாமி! 2006-ல் வெயில். தோத்துப் போன முருகேசனா வாழ்ந்து காட்டினார். அதுக்கப்புறமாவது வரிசையா நல்ல வேஷம் வந்துச்சா? 2008-ல் குசேலன். கதைப்படி படமே அந்த முடிவெட்டுற பாலகிருஷ்ணனோடது. நாம பார்க்கப் போனது யாரை? ரஜினியை. படம் ஓடலைன்னதும் பேசினதும் ரஜினியைப் பத்திதான்.

வெயிலுக்கும் 2021-ல் வந்த சார்பட்டா பரம்பரைக்கும் நடுவில் 15 வருஷம். அரவான், அசுரன்னு சிலதைக் கழிச்சா மிச்சம் என்ன? ரங்கன் வாத்தியாரைப் பார்த்ததும் ஊரே சைக்கிள் மீம் போட்டுக் கொண்டாடிச்சு. அந்த ஆள் 2006-லயே இங்கதானே இருந்தார்! கத்தாம, ரிங்குக்கு வெளியே உக்காந்து கண்ணாலயே பாதிப் படத்தைத் தூக்கினாரே, இதுவா நாடகத்தனம்?

இங்கிலாந்தில் இயன் மெக்கெல்லன்னு ஒருத்தர். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் தாத்தான்னா தெரியும். உலகப்புகழ் வந்த பிறகும் மேடையை விடலை. 2024 ஜூனில், 85 வயசில், லண்டனில் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃபா நடிக்கும்போதே மேடையிலிருந்து தவறி விழுந்தார். அந்த வயசிலும் அவருக்கு மேடை இருந்தது, டிக்கெட் வாங்க ஜனம் இருந்தது. அங்கே மேடை ஒரு தொழில். இங்கே சினிமாவுக்கு ஏறுற ஏணி. ஏறினதும் உதைச்சுத் தள்ளிடணும்.

தயாரிப்பாளரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை மக்களே. நம்ம ஊரப்பாக்கத்தையே எடுத்துக்குங்க. கல்யாண மண்டபம் இருக்கு, அடுக்குமாடி முளைச்சுக்கிட்டே இருக்கு, பக்கத்தில் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பிரம்மாண்ட பேருந்து முனையமும் திறந்தாச்சு. ஒரு நவீன நாடகம் பார்க்கணும்னா மட்டும் மின்சார ரயில் பிடிச்சு நுங்கம்பாக்கம் வரைக்கும் போகணும். இத்தனை ஆயிரம் குடும்பம் இருக்கிற புறநகருக்கு 200 பேர் உக்கார ஒரு அரங்கம் கேட்டா அது ஆடம்பரமா?

அடுத்த பசுபதி எங்கேயோ பயிற்சி எடுத்துக்கிட்டுத்தான் இருப்பார். அவருக்கும் முதல் பத்து வருஷம் அருவாதான்னா, குத்தம் அவர் நடிப்பில் இல்லை, நம்ம ரசனையில்.

பி.கு: விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதப் போனவர். நாடகம் சோறு போடாதுன்னு சொல்ற மாமாக்கள் கவனிக்கவும்.