பின்சீட்டுக்காரரின் வண்டி

க்ரூசர் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் தனியாகத்தான். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி வைக்கும் சொகுசு, நிதானமான எஞ்சின் துடிப்பு எல்லாம் ஒரு சுற்றிலேயே ஆளைப் பிடித்துவிடும். வருஷக்கணக்கில் அந்த வண்டியின் பின்னால் உட்காரப்போகும் மனைவியோ தங்கையோ அப்போது ஷோரூம் சோபாவில் காத்திருப்பார். அவரை எழுப்பிப் பின்சீட்டில் ஏற்றி, மேடு பள்ளமுள்ள ஒரு தெருவில் சுற்றி வந்த பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும் என்பேன். வண்டி இருவருக்கும் என்றால் தீர்ப்பும் இருவருடையதாக இருக்க வேண்டாமா?

க்ரூசர், ஓட்டுகிறவரை மையமாக வைத்து வரையப்பட்ட வண்டி. அவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவரோ ஏறக்குறைய பின் சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே இருக்கிறார். பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி எழும்போது ஓட்டுகிறவருக்கு அந்த அடியில் ஒரு பங்குதான் வரும், பின்னால் இருப்பவரின் இடுப்புக்கு முழுதாகவே போய்ச் சேரும். இந்த ரக வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பர் அழுந்தி எழும் தூரமும் குறைவு. ஓட்டுகிறவருக்குச் சாலை கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பைத் தயார் செய்துகொள்கிறார். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும். அதனால் ‘பள்ளம்’ என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்வது பெரிய உதவி. ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள அவருக்கு ஒரு நொடி கிடைக்கும்.

ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350ஐ எடுத்துக்கொள்வோம். பெட்ரோலோடு சேர்த்து அதன் எடை 191 கிலோ. 65 கிலோ உள்ள ஒருவர் பின்னால் ஏறினால் வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு புதிதாக வந்து சேர்கிறது, அதுவும் பெரும்பாலும் பின் சக்கரத்தின் மேல். முன் சக்கரம் லேசாகிறது, ஹேண்டில் தளர்ந்தது போலிருக்கும், ஹெட்லைட் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஏற்கெனவே தாழ்ந்த அடிவயிறு நம்மூர் வேகத்தடையில் உரசும். இதற்கெல்லாம் மருந்து வண்டியிலேயே இருக்கிறது. பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. கொக்கி போல வளைந்த ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் திருப்பினால் போதும். பின் டயர் காற்றுக்கும் தனியாள் கணக்கு வேறு, இருவர் கணக்கு வேறு. வண்டியோடு வரும் கையேட்டில் இரண்டும் இருக்கும். பங்க்கில் ‘வழக்கம் போல’ என்று சொல்லிக் காற்றடிப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டும் கையும் மாற வேண்டும். ஆள் ஏறிய வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், முன்னால் போகும் பஸ்ஸுக்கும் நமக்கும் இடைவெளி கூட வேண்டும். பின் சக்கரத்தில் பாரம் இருப்பதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாகப் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் மெல்ல ஆரம்பித்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டுவதே சரி. கியர் மாற்றும்போதோ பிரேக் போடும்போதோ பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் முட்டினால், கை இன்னும் மென்மையாக வேண்டும் என்று அர்த்தம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே க்ரூசரின் நீளமும் எடையும் தோளில் தெரியும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஒரே சீராக இழுத்துச் சென்றால் பின்னால் இருப்பவர் வண்டியோடு சேர்ந்து சாய்வார். பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் கிளம்பும் முன்பே, ‘வளைகிற பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பாருங்கள், போதும்’ என்று சொல்லலாம். பார்வை போகும் பக்கம் உடம்பும் போகும்.

ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து, சைட் ஸ்டாண்டை எடுத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ‘ஏறலாம்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை யாரும் ஃபுட்ரெஸ்டில் கால் வைக்கக் கூடாது. இறங்கும்போதும் அப்படியே. தாழ்ந்த சீட் என்பதால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிவது இந்த இடத்தில் க்ரூசர் தரும் வரம். சூப்பர் மீட்டியர் 650 போல இரண்டு பக்கமும் சைலன்சர் உள்ள வண்டியில் பின்னால் இருப்பவருக்குக் கணுக்காலை மூடும் உடையும் ஷூவும் வேண்டும். செருப்போடு ஏறி, சூட்டில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம்.

எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் சேலை கார்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. தயாரிப்பாளர்கள் மாட்டித்தான் அனுப்புகிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ‘லுக் கெடுகிறது’ என்று தடுப்பைக் கழற்றி, கைப்பிடியையும் எடுத்துவிட்டு, பின்னால் உள்ளங்கை அகல சீட்டை மாட்டுகிறார்கள். அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை முந்தானை பறக்க ஒருவர் ஏறுகிறார். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்வதற்கு முன், கழற்றிய தடுப்பைத் திரும்ப மாட்ட வேண்டும்.

ஒருபக்கமாக உட்கார்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எடை முழுவதும் இடப்பக்கம் விழுகிறது, ஓட்டுகிறவர் வழி நெடுக வண்டியை வலப்பக்கம் தாங்க வேண்டியிருக்கிறது. க்ரூசர் தாழ்வானது என்பதால் இடப்பக்கம் வளையும்போது பின்னால் இருப்பவரின் பாதம் தரையை நெருங்கும். சடக்கென்று பிரேக் போட்டால் முழங்காலால் சீட்டை இறுக்கிப் பிடிக்க அவருக்கு வழியில்லை. சேலையோடு இரண்டு பக்கமும் கால் போட முடியாது என்றால், அன்றைக்கு ஆட்டோவோ பஸ்ஸோ நல்லது. நெடுந்தூரம் போகிறவர்கள் முதுகுக்குச் சாய்மானம் மாட்டிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆரில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வழியில் எங்கே, எப்போது நிற்பது என்பதைப் பின்னால் இருப்பவர் முடிவு செய்யட்டும். தோளில் இரண்டு தட்டு என்றால் ‘நிறுத்து’ என்று பேசி வைத்துக்கொண்டால் காற்றில் கத்த வேண்டியதில்லை.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமாதானம் பேச மாட்டேன். க்ரூசரின் பெட்ரோல் டேங்க் அகலமானது, பிள்ளையை அதன் மேல் உட்காரவைக்க ஆசை வரும். திடீரென்று நின்றால் பிள்ளையின் முகம் போய் மோதும் இடம் ஹேண்டில்பார், பின்னாலிருந்து நெருக்குவது தகப்பனின் உடம்பு. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. பட்டையும் அளவான ஹெல்மெட்டும் ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளையின் கால் பின் ஃபுட்ரெஸ்டை இன்னும் எட்டவில்லை என்றால், எட்டும் வரை அந்தச் சீட்டில் ஏற்றாதீர்கள்.