காகிதத்தில் ரோடு இருக்கிறது... தரையில் இருக்கிறதா? செல்போனிலேயே கணக்குக் கேட்கலாம்!

2022 ஜூன் மாதம். வேலூரில் ஒரு தெருவில் இரவோடு இரவாக சிமென்ட் சாலை போட்டார்கள். விடிந்து பார்த்தால், தெருவோரம் நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் டயர்கள் சிமென்ட்டுக்குள் புதைந்து கிடந்தன. வண்டியைத் தள்ளி நிறுத்தக்கூட யாருக்கும் பொறுமை இல்லை போல! அந்த போட்டோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அங்கே பைக் சிக்கியதால் விஷயம் வெளியே தெரிந்தது. ஜல்லியின் அளவு குறைந்தால்? தார் குறைந்தால்? ரோலர் நான்கு முறை ஓட வேண்டிய இடத்தில் இரண்டு முறையோடு கிளம்பிவிட்டால்? எந்த போட்டோவிலும் அது தெரியாது. அடுத்த மழையில்தான் தெரியும். அப்போது அந்தப் பள்ளத்தில் யாருடைய டூவீலர் இறங்கும் என்பதுதான் கேள்வி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் சாலைப் பள்ளங்கள் தொடர்பான விபத்துகளில் நாடு முழுக்க இறந்தவர்கள் 1,856 பேர்.

'எல்லாத்துக்கும் ஆப் இருக்கே... ரோடு வேலையைக் கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது என்ன செய்தது, என்ன செய்ய முடியவில்லை என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எம்-புக் என்ற ரகசிய நோட்டு

அரசு கட்டுமான வேலைகளின் உயிர்நாடி ஒரு நோட்டுப் புத்தகம். 'மெஷர்மென்ட் புக்' என்பது முழுப்பெயர். துறைக்காரர்கள் 'எம்-புக்' என்பார்கள். களப் பொறியாளர் வேலை நடந்த இடத்துக்குப் போய், சாலையின் நீளம், அகலம், ஒவ்வோர் அடுக்கின் தடிமன் என்று அளந்து இதில் எழுத வேண்டும். மேலதிகாரி சரிபார்க்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் பில் போடப்படும், கான்ட்ராக்டருக்குப் பணம் போகும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், சாலைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அடியில் இருக்கும் மண்ணை ஜல்லி மூடிவிடும், ஜல்லியைத் தார் மூடிவிடும். மேலே தார் விழுந்த பிறகு, கீழே 15 சென்டிமீட்டர் ஜல்லி இருக்கிறதா, 10 தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. எம்-புக்கில் எழுதியிருப்பதுதான் உண்மை என்றாகிவிடும். அந்த எம்-புக்கோ ஏதோ ஓர் அலுவலக பீரோவில் இருக்கும். ரோட்டில் தினமும் போகிற நமக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

கிராமச் சாலைகளில் தொடங்கிய மாற்றம்

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். சாலை வசதியே இல்லாத குடியிருப்புகளில், சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கும், மலைப்பகுதிகளில் 250 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கும் எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலை போடுவது இதன் முதல் இலக்கு. தமிழ்நாட்டிலும் இந்தத் திட்டத்தில் போட்ட சாலைகள் உண்டு.

நாடு முழுக்க நடக்கிற வேலை. டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எம்-புக்குகளைப் புரட்ட முடியாது. அதனால், 'ஓமாஸ்' என்ற ஆன்லைன் கண்காணிப்பு மென்பொருளை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. சாலையின் பெயர், நீளம், ஒதுக்கிய தொகை, கான்ட்ராக்டர் யார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இதுவரை எவ்வளவு செலவு என்று எல்லாமே அதில் ஏற வேண்டும். முக்கியமான விஷயம், இதன் பெரும்பாலான விவரங்களை நாமும் பார்க்கலாம்.

தரத்தைப் பார்க்க மூன்று கட்டச் சோதனை. முதலில் வேலை செய்யும் பிரிவே சோதிக்கும். அடுத்து, மாநிலம் நியமிக்கும் கண்காணிப்பாளர்கள் வருவார்கள். மூன்றாவதாக, மத்தியில் இருந்து தேசியக் கண்காணிப்பாளர்கள். ஸ்பாட்டில் எடுத்த போட்டோவை, எந்த இடம் என்ற ஜி.பி.எஸ். விவரத்தோடு ஏற்ற வேண்டும். 'திருப்தி', 'திருப்திதான், ஆனால் திருத்தம் தேவை', 'திருப்தியில்லை' என்று மூன்றில் ஒரு மதிப்பெண் விழும். ஆபீஸில் இருந்தபடியே 'பார்த்தாச்சு' என்று எழுதுவது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2022 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. ரோலர் உள்ளிட்ட இயந்திரங்களில் ஜி.பி.எஸ். கருவி பொருத்த வேண்டும் என்றார்கள். ரோலருக்கு எதற்கு ஜி.பி.எஸ்.?

டப்பாவில் ரவையைக் கொட்டும்போது தட்டித் தட்டிக் கொட்டுவோம், இல்லையா? தட்டாமல் விட்டால் நிறைந்த மாதிரி தெரியும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். சாலையும் அப்படித்தான். ரோலர் போதுமான அளவு ஓடி அமுக்காவிட்டால் உள்ளே இடைவெளி இருக்கும். அதில் தண்ணீர் இறங்கும். லாரி ஏறும்போது அந்த இடம் அமுங்கும். அதுதான் பள்ளம். ரோலர் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற பதிவு இருந்தால், ஓடாத ரோலருக்குக் கணக்கு எழுத முடியாது.

பணத்தோடு முடிச்சுப் போட்டால்தான் வேலை நடக்கும்

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி இதுதான். சாலையைப் போட்ட கான்ட்ராக்டரே 5 வருடங்களுக்கு அதைப் பராமரிக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அது சேர்ந்துவிடும்.

முன்பெல்லாம் பராமரிப்புக்கு, 'இத்தனை பள்ளம் மூடினேன், இவ்வளவு மண் கொட்டினேன்' என்று கணக்குக் காட்டிப் பணம் வாங்குவார்கள். அதாவது, சாலை எவ்வளவு கெட்டுப்போகிறதோ அவ்வளவு பில்! 'இ-மார்க்' என்ற மென்பொருள் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. பொறியாளர் நேரில் போய் போட்டோவுடன் சாலையின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். சாலை நல்ல நிலையில் இருந்தால்தான் பணம். பள்ளம் இருந்தால் பிடித்தம். முதலிலேயே ஒழுங்காகப் போட்டவருக்கு 5 வருடமும் செலவு குறைவு, லாபம் அதிகம். நேர்மையாக இருந்தால் காசு மிஞ்சும் என்று ஆக்கிவிட்டால், தனியாக உபதேசம் தேவையில்லை.

ஆனால்... ரோட்டைக் காணோம்!

கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுக்கும் காமெடி ஞாபகம் இருக்கிறதா? நிஜத்தில் ரோடே காணாமல் போயிருக்கிறது.

லென், ஷாபிரோ, வாண்டன் ஐண்டே ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கிராமச் சாலைத் திட்டத்தின் பதிவுகளை எடுத்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டார்கள். கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் சாலை வசதி இருக்கிறதா என்ற விவரம் உண்டு. திட்டக் கணக்கில் 'வேலை முடிந்தது' என்று இருந்த சில சாலைகள், கணக்கெடுப்பில் இல்லவே இல்லை.

2018-ல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது. இந்தத் திட்டத்தில் யாருக்கு கான்ட்ராக்ட் என்று முடிவு செய்வதில் எம்.எல்.ஏ-க்களுக்கு அதிகாரபூர்வமாக எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடிவான தொகுதிகளைப் பார்த்தபோது, ஜெயித்தவரின் குடும்பப் பெயரையே கொண்ட கான்ட்ராக்டர்களின் பங்கு 4 சதவிகிதத்தில் இருந்து 7 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. அரசியல் தலையீடு இருந்த இடங்களில் செலவும் கூடியது, சாலை காணாமல் போகும் வாய்ப்பும் கூடியது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு தனிநபர் தப்பு செய்தார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், நாடு முழுக்கப் பார்க்கும்போது கணக்கு ஒரு திசையைக் காட்டுகிறது.

அப்போ சாஃப்ட்வேர் தோற்றுவிட்டதா?

பாதி. ஆமாம், பொய்யை அதனால் தடுக்க முடியவில்லை. 'முடிந்தது' என்று டைப் செய்தால், 'சரிங்க' என்று ஏற்றுக்கொள்வதுதான் கம்ப்யூட்டரின் சுபாவம். ஆனால், அந்தப் பொய் எப்படிப் பிடிபட்டது என்று பாருங்கள். எல்லாப் பதிவும் ஒரே இடத்தில், எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி இருந்ததால்தான் பல வருடம் கழித்து யாரோ ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பீரோ எம்-புக்காக இருந்திருந்தால், அந்த ரோடுகள் என்றைக்கும் 'முடிந்த' ரோடுகளாகவே இருந்திருக்கும். பொய்யைத் தடுக்காவிட்டாலும், அழியவிடாமல் வைத்திருக்கிறதே... அதுவே பெரிய உதவி.

தோண்டிப் பார்த்த இந்தோனேசியா

பொய்யைத் தடுக்க என்ன வழி? இதற்கு இந்தோனேசியாவில் ஒரு சோதனை நடந்தது. பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன், 600-க்கும் அதிகமான கிராமங்களின் சாலைப் பணிகளை ஆராய்ந்தார். பொறியாளர்களை அனுப்பி, போட்ட சாலையைத் தோண்டி, உள்ளே எவ்வளவு பொருள் இருக்கிறது என்று அளக்க வைத்தார். அதைச் செலவுக் கணக்கோடு ஒப்பிட்டார்.

சில கிராமங்களுக்கு மட்டும், 'அரசு தணிக்கை நிச்சயம் வரும்' என்று முன்பே சொல்லப்பட்டது. அங்கே கணக்கில் காணாமல் போகும் தொகை 8 சதவிகிதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு மக்களை அதிகம் வரவழைத்த கிராமங்களில் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. 2007-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது கொஞ்சம் கசப்பான உண்மை. நாம் கூடிப் பேசினால் மட்டும் போதாது. 'யாரோ ஒருவர் கட்டாயம் வந்து தோண்டிப் பார்ப்பார்' என்ற பயம் வேண்டும். நம் புகாருக்கு மதிப்பு வருவதும், அது ஓர் அதிகாரியை ஸ்பாட்டுக்கு வரவைக்கும்போதுதான்.

சரி, நம்மால் என்ன முடியும்?

*போர்டைப் படியுங்கள்:* கிராமச் சாலைத் திட்ட வேலை நடக்கும் இடத்தில், எந்த அடுக்குக்கு எவ்வளவு பொருள் என்று உள்ளூர் மொழியில் தகவல் பலகை வைக்க வேண்டும். கான்ட்ராக்டர் பெயர், தொகை, பராமரிப்புக் காலம் எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3 வருடம் கழித்துப் பள்ளம் விழுந்தால் அதுதான் உங்கள் வாரன்டி கார்டு.

*சரியான ஆப்பில் போடுங்கள்:* கிராமச் சாலைத் திட்டச் சாலை என்றால் 'மேரி சடக்' ஆப். 2015-ல் வந்தது, 'என் சாலை' என்று பொருள். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால், 2023-ல் வந்த 'நம்ம சாலை' ஆப். எது யாருடைய சாலை என்று குழப்பமாக இருந்தால், 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் சொல்லலாம்.

*போட்டோவைச் சாட்சியாக எடுங்கள்:* போனில் லொகேஷனை ஆன் செய்யுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் செருப்பு, தண்ணீர் பாட்டில் என ஏதாவது ஒன்றை வைத்து எடுத்தால் ஆழமும் அகலமும் புரியும். பின்னணியில் கடை போர்டோ, மைல்கல்லோ தெரியட்டும். நடுரோட்டில் நின்று எடுக்க வேண்டாம், ப்ளீஸ்!

*தெருவின் உயரத்தைக் கவனியுங்கள்:* பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வீடு பள்ளத்துக்குப் போய்விடும். மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டாமல் தார் லாரி வந்து நின்றால், அங்கேயே கேளுங்கள்.

*ஆர்.டி.ஐ. மறக்காதீர்கள்:* 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். எம்-புக் நகல் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்கவும்கூட 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

அரசிடம் கேட்க வேண்டியது

கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு சாலையின் ஜாதகத்தையே போனில் பார்க்க முடிகிறது. ஆனால், நம் வீட்டு வாசலில் இருக்கும் தெரு ரோட்டுக்கு அதே அளவு விவரம், ஒரே இடத்தில், எளிதாகக் கிடைப்பதில்லை. யார் போட்டது, எவ்வளவு செலவு, எத்தனை வருடம் பொறுப்பு, கடைசியாக யார் வந்து பார்த்தது... இந்த நான்கு பதிலும் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும். பில் பாஸ் ஆவதற்கு முன்பே வேண்டும்.

அதுவரை இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்கள் ஊரில் கடைசியாக ரோடு போட்ட இடத்துக்குப் போய், தகவல் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வையுங்கள். பலகையே இல்லையா? உங்கள் முதல் புகார் ரெடி!