இறால் குட்டைக்கு ஒரு வைரஸ் ஸ்கேனர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்ட்டி வைரஸ் போட்டாச்சா?" என்பதுதான். வைரஸ் வந்தால் ஸ்கேன் செய்து, க்ளீன் பட்டனை அழுத்தி விடலாம். க்ளீன் பட்டனே இல்லாத ஒரு வைரஸும் உண்டு, தெரியுமா?

நான் செங்கல்பட்டு மாவட்டம் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். பக்கத்தில் முட்டுக்காட்டில் 'சிபா' எனப்படும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. மாமல்லபுரம் தாண்டிப் போனால் இறால் குஞ்சு பொரிப்பகங்களைப் பார்க்கலாம். இந்தத் தொழிலின் பெரிய எதிரி வெள்ளைப்புள்ளி வைரஸ். 1994-95ல் இந்தியாவுக்குள் நுழைந்தது. அறிகுறி தெரிந்த 3 முதல் 10 நாட்களில் குட்டையையே காலி செய்துவிடும். மருந்து கிடையாது. இத்தனைக்கும் அதன் மரபணுத் தகவல் சுமார் 3 லட்சம் எழுத்துகள்தான். பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியில் நான்கு முறை எழுதலாம்!

மருந்தே இல்லாதபோது முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன்? நோயுள்ள குஞ்சுகளை வாங்காமல் தவிர்க்கலாம். வளர்ந்த இறாலை உடனே பிடித்து விடலாம். முக்கியமாக, குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறக்காமல், ப்ளீச்சிங் பவுடர் போட்டு நிறுத்தி வைக்கலாம். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது போலத்தான் இது.

இதற்கான பிசிஆர் சோதனைக்கு சிபாவே கிட் உருவாக்கியது. ஆனால் லேப், இயந்திரம், பழகிய கை எல்லாம் வேண்டும். இங்கேதான் பயோசென்சர் வருகிறது. நம் வீட்டுக் குளுக்கோமீட்டர் ஒரு பயோசென்சர்தான். பட்டையில் உள்ள என்சைம் ரத்தத்தின் குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அது மின்சாரமாகி, எண்ணாகத் தெரிகிறது. 1962ல் லேலண்ட் கிளார்க் காட்டிய வழி இது. என்சைமுக்குப் பதில், வைரஸை மட்டும் பிடிக்கும் ஆன்ட்டிபாடியை வைத்தால் குட்டைக் கரையிலேயே விடை கிடைக்கும். அத்தகைய பட்டைகள் வந்துவிட்டன. வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் பிசிஆர் அளவுக்குப் பிடிக்காது என்பதே குறை.

அந்தக் குறையும் ஒருநாள் தீரும். ஆனால் பட்டை காட்டிய விடையை விவசாயி யாரிடம் சொல்வார்? நோய் என்று தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார் என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரைத் திறந்து விட்டால்? பக்கத்துக் குட்டைக்காரர் மறுநாள் காலை அதையே பம்ப் வைத்து ஏற்றுவார். சென்சர் இருந்தும் பயனில்லை.

அதே வாய்க்காலை நம்பியிருப்பவர்களுக்கெல்லாம் உடனே தமிழில் எஸ்எம்எஸ் போகச் செய்வது எங்களைப் போன்ற புரோகிராமர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. நோயை மறைக்காமல் சொன்னவருக்கு நஷ்டஈடோ இன்சூரன்ஸோ கிடைக்க அரசுதான் வழி செய்ய வேண்டும். சென்சருக்குச் செலவிடும்போதே இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வைரஸ் பிடித்த பென் டிரைவை நண்பரிடம் கொடுக்கும் முன் நாம் சொல்லி விடுகிறோம். நமக்கு அதனால் நஷ்டம் இல்லை. குட்டைக்காரரும் அதேபோல் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.