பக்கத்து வீட்டு நாயோடு ஓயாத சண்டை: சுவரை உயர்த்தினால் தீருமா? சட்டம் என்ன சொல்கிறது?

"எங்க நாய் சும்மாதாங்க இருக்கும், அவங்க வீட்டு நாய்தான் ஆரம்பிக்கும்." காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் கேட்டாலும் அந்தப் பக்கம் கேட்டாலும் இதே வசனம்தான் வரும். நாய்களில் தொடங்கும் சண்டை, சில மாதங்களில் இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போய்விடுகிறது. சில இடங்களில் காவல் நிலையம் வரைக்கும்.

வெளியே நேருக்கு நேர் பார்த்தால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் நாய்கள்கூட, நடுவில் கம்பிவேலி இருந்தால் வெறிகொண்டு குரைக்கும். எதிரில் இருப்பது தெரிகிறது, வாசனை வருகிறது, ஆனால் நெருங்க முடியவில்லை. அந்த ஆத்திரம்தான் குரைப்பாக வெளியே வருகிறது. இன்னொரு விஷயம், பக்கத்து வீட்டு நாய் தன் பாட்டுக்கு உள்ளே போனாலும், 'நான் குரைச்சதாலதான் ஓடிப்போச்சு' என்று இது எடுத்துக்கொள்ளும். தினமும் ஜெயித்துக்கொண்டே இருக்கும் விளையாட்டை யார்தான் விடுவார்கள்?

இந்த நேரத்தில் காலரைப் பிடித்து இழுப்பது ஆபத்து. எதிராளியைக் கடிக்க முடியாத நாய், பக்கத்தில் இருப்பவரை, அது எஜமானராகவே இருந்தாலும், திரும்பிக் கடித்துவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் அவை ஒன்றையொன்று கடித்துக்கொள்வதும் இதனால்தான்.

என்ன செய்யலாம்?

முதலில் பார்வையை மறையுங்கள். கிரில் கேட்டிலும் கம்பிவேலியிலும் தகரமோ தார்ப்பாயோ அடித்தாலே பாதிப் பிரச்னை குறைய வாய்ப்புண்டு. சுவரை உயர்த்துவது அதற்கு அப்புறம்தான். அடியில் மண்ணைத் தோண்டும் பழக்கம் இருந்தால், எவ்வளவு உயரக் கட்டினாலும் பயனில்லை. பக்கத்து வீட்டில் பேசி, நாய்களை வெளியே விடும் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லாத வழி இது, ஆனால் பேச்சுவார்த்தை இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வேலியை விட்டு வந்தால் தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். அடிப்பது எதிர்விளைவைத்தான் தரும். பக்கத்து நாயைப் பார்த்தாலே அடி விழும் என்று அதன் மனதில் பதிந்து, கோபம் கூடும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் தீர்வல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் அதுவும் வதைதான்.

சட்டம் யார் பக்கம்?

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்த சம்பவத்துக்குப் பிறகு, வளர்ப்பவரின் பொறுப்பு பற்றிய பேச்சு அதிகமானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி, தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் தடுக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவு மனிதர்களுக்கான ஆபத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் நாயைப் பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டால் அதைக் காட்டி வழக்குப் போடுவது கடினம். சிகிச்சைச் செலவுக்கு இழப்பீடு கேட்டு சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதற்கு வேலி யாருடையது, எந்த நாய் எந்தப் பக்கம் நுழைந்தது என்பதெல்லாம் முக்கியம். கால்நடை மருத்துவரின் ரசீது, புகைப்படங்கள், தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஆத்திரத்தில் சுவருக்கு மேலே விஷம் வைத்த உணவை வீசுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: 325ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குரைத்த நாயின் சொந்தக்காரருக்கு வரக்கூடிய தண்டனையைவிட இது பல மடங்கு பெரிது.

சண்டையை விலக்கப் போய் கடிபட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு, பயப்படாதீங்க" என்று பக்கத்து வீட்டார் சொன்னாலும், உங்களுக்கு ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.