சிறுபான்மை நல அமைச்சர்: அதிகாரம் எதுவரை? நம் வேலை எதுவரை?

அமைச்சரவைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம் மஹல்லாக்களில் எழும் முதல் கேள்வி, "சிறுபான்மை நலம் யாருக்கு?" என்பதுதான். 2021இல் அந்தப் பொறுப்பு செஞ்சி கே.எஸ்.மஸ்தானுக்குக் கிடைத்தது. 2024 செப்டம்பர் மாற்றத்தில் அது ஆவடி சா.மு.நாசரிடம் வந்தது. நம்மவர் ஒருவர் அமைச்சர் என்ற நிறைவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த நாற்காலியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று நாம் கேட்பதில்லை.

அதே 2024 செப்டம்பரில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஆலங்குடித் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற சிவ.வீ.மெய்யநாதனிடம் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை ஒப்படைக்கப்பட்டது. இதைத் தொகுதிச் செய்தி என்று மட்டும் கடந்து போய்விட முடியாது. முஸ்லிம் பிள்ளைகளின் கல்லூரி இடத்தையும் அரசு வேலையையும் தீர்மானிக்கும் 3.5 சதவீத இடஒதுக்கீடு, சிறுபான்மையினர் என்ற அடிப்படையில் தரப்பட்டதல்ல. பிற்படுத்தப்பட்டோர் என்ற அடிப்படையில் தரப்பட்டது.

2007 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியில், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் இந்த உள்ஒதுக்கீடு வந்தது. லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, மாப்பிள்ளா, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். 2024 மார்ச்சில், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகங்களிலிருந்து இஸ்லாத்தைத் தழுவியவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பொதுப் போட்டியில் மதிப்பெண்ணால் வென்ற நம் பிள்ளை இந்த 3.5 சதவீதக் கணக்கில் சேராது. அது நமக்கான உச்சவரம்பு அல்ல.

தலைமைச் செயலகத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலம் எல்லாம் ஒரே துறை. 2024 செப்டம்பர் மாற்றத்தின்படி அமைச்சர்கள் மட்டும் இருவர். இடஒதுக்கீடும் சாதிப் பட்டியலும் ஒருவரிடம். வக்ஃப் வாரியம், 1999இல் தொடங்கிய சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் (டாம்கோ) கடன், உலமாக்கள் நல வாரியம், வெளிநாடு வாழ் தமிழர் நலம் ஆகியவை மற்றவரிடம். மாவட்டத்துக்கு வந்தால் பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே அலுவலர்தான்: மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர். ஆலங்குடிக் குடும்பம் ஒன்று சென்னைக்கு ஓடுவதற்கு முன் போக வேண்டிய இடம் புதுக்கோட்டையில் இருக்கும் அந்த அலுவலகம்.

ஒரு கபர்ஸ்தானை எடுத்துக்கொள்வோம். புதிதாக இடம் வேண்டுமென்றால் வருவாய்த்துறை. அந்த இடம் வக்ஃப் என்றால் பதிவு வக்ஃப் வாரியத்தில். சுற்றுச்சுவருக்கு நிதி சிறுபான்மையினர் நலத்துறையில். ஒரே நிலத்துக்கு மூன்று கதவுகள். எல்லா மனுவையும் ஒரே அமைச்சரின் பெயருக்கு எழுதினால், அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டு மீண்டும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கே வந்து சேரும்.

மாநில அமைச்சரின் கை எட்டாத இடங்களும் உண்டு. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையையும், மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையையும் 2022இல் நிறுத்தியது ஒன்றிய அரசு. வக்ஃப் திருத்த மசோதாவைத் திரும்பப் பெறக் கோரி 2025 மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே அது சட்டமானது. சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது செப்டம்பர் 15 அன்று, உச்ச நீதிமன்றத்தில். சட்டமன்றத்தின் குரலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் நம் பள்ளிவாசல் சொத்தின் பழைய பத்திரத்தையும் பட்டாவையும் தேடி எடுத்து வைக்கும் வேலையை அந்தக் குரல் செய்யாது. அது முத்தவல்லியின் வேலை, ஜமாஅத்தின் வேலை.

கடல் கடந்தும் ஒரு பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல்பண்பாட்டு விவகாரங்களுக்கென்றே ஓர் அமைச்சர் உண்டு. அங்கு பள்ளிகளையோ காவல்துறையையோ அவர் நடத்துவதில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல இன மக்களுக்காக என்ன செய்தோம் என்று அரசுத் துறைகள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். கணக்குக் கேட்கும் வாய்ப்புதான் அந்தப் பதவியின் பலம்.

நம் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பு, அந்தத் துறை செய்ததைத்தான் சொல்கிறது. பள்ளிக்கல்வி, காவல், சுகாதாரத் துறைகள் சிறுபான்மையினருக்கு என்ன செய்தன என்பதற்கு அதில் விடை கிடையாது. 2006இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் 15 அம்சத் திட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழுவுக்கு வகை செய்தது. அந்தக் குழு எத்தனை முறை கூடியது, என்ன முடிவெடுத்தது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எவரும் மனுப்போட்டுக் கேட்கலாம். அமைச்சரிடம் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கையும் இதுவே: எல்லாத் துறைகளின் கணக்கும் ஒரே அறிக்கையாக, மாவட்டவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. சேர்க்கை நேரத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலையாமல் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இமாம், மோதினார், மதரஸா ஆசிரியர் ஆகியோர் உலமாக்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று ஜமாஅத் விசாரிக்க வேண்டும். வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் இருக்கும் வீட்டார், 2024 மாற்றத்தில் வெளிநாடு வாழ் தமிழர் நலனும் அதே அமைச்சரின் பொறுப்பாக இருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம், விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் பள்ளிவாசலில் அமர்ந்து வழிகாட்டினால் போதும்.

ஆட்சி மாறும், அமைச்சர்கள் மாறுவார்கள். சரியான கதவை நேரத்தில் தட்டப் பழகிய ஜமாஅத்தின் பிள்ளைகள், யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் தங்கள் உரிமையை இழக்க மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.