எண்ணைக் கண்டு மிரட்சி

பொட்டலத்தில் சேர்ப்புப் பொருளின் எண் போட்ட உணவெல்லாம் விஷம், பாட்டி போட்ட ஊறுகாயில் ரசாயனமே கிடையாது என்று வாதிடுகிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். பாட்டியின் ஊறுகாயைக் காத்தது பாசமல்ல, அள்ளிக் கொட்டிய உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஊறுகாய் அதற்கு அடங்குமா?

அவர் அஞ்சும் எண்களில் 300 என்பது வைட்டமின் சி. 330, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 100 என்பது மஞ்சளின் குர்குமின். அதைத்தான் தினமும் குழம்பில் போடுகிறோம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் ஊறும் அஃப்ளடாக்சினோ முழுக்க இயற்கையானது, கல்லீரல் புற்றுநோயையும் வரவழைக்கும்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடைசெய்த வண்ணப் பஞ்சுமிட்டாயையும் சாட்சிக்கு இழுக்கிறார். அதில் இருந்த ரோடமைன் பி துணிச்சாயம். உணவில் அனுமதிக்கப்படாதது. அது கலப்படக் குற்றம். அதற்காகப் பதப்படுத்தியை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

எல்லாச் சேர்ப்பும் நல்லது என்று நான் சொல்லவில்லை. பதப்படுத்திக்கு ஒரு வேலை உண்டு. பளபளக்கும் நிறமிக்கு விற்பனையைத் தவிர வேறென்ன வேலை? மாவை உப்பவைக்கும் பொட்டாசியம் புரோமேட்டைப் பிரிட்டன் 1990இலேயே விலக்கியது. புற்றுநோய் தரக்கூடும் என்று 1999இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. நம் ஊர் ரொட்டியில் 2016 வரை அதற்கு அனுமதி இருந்தது. அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.