கட்டளையாகிவிடும் நிறுத்தற்குறிகள்

இணைய இதழ் ஒன்றுக்கு வாசகர் தம் கட்டுரையோடு ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புகிறார். அடுத்த கணத்தில் அதன் சிறிய பிரதி பக்கத்தில் தோன்றிவிடுகிறது. பழைய சிற்றிதழ்களை ஒளிவருடி ஏற்றி வைத்திருக்கும் தளங்களில், படமாக இருக்கும் பக்கத்திலிருந்து எழுத்துகள் பிரித்தெடுக்கப்பட்டுத் தேடக் கிடைக்கின்றன. இவ்வேலைகளைத் தளத்தின் நிரலே செய்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல தளங்களில் அப்படியில்லை. பிஎச்பி போன்ற மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், வழங்கியில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு நிரலை அழைத்து வேலையை ஒப்படைக்கிறது. படத்தைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக், எழுத்துணரிக்கு டெஸராக்ட், அஞ்சல் அனுப்ப சென்ட்மெயில். அழைக்கும் பணியைப் பெரும்பாலும் செய்வது, யுனிக்ஸ் இயங்குதளங்களில் ஷெல் எனப்படும் கட்டளை வாசிப்பான்.

நமது கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். வெளியாரிடமிருந்து வரும் எந்தச் சொல்லும் ஷெல்லின் காதில் விழக்கூடாது. 'சுத்தம் செய்துவிட்டுத்தான் அனுப்புகிறோம்' என்ற சமாதானம் போதாது. இது நிரலர்கள் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்தானே, இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடிப்படையில் இது மொழி பற்றிய சிக்கல். யார் சொன்ன சொல் எது என்ற சிக்கல்.

ஷெல் என்பது கணினியோடு பேசுவதற்கான ஒரு மொழி. விசைப்பலகையில் ஒருவர் ஒரு வரியைத் தட்டுகிறார். ஷெல் அதைச் சொற்களாகப் பிரித்து, முதற்சொல்லை நிரலின் பெயராகவும் மற்றவற்றை அந்நிரலுக்குத் தரவேண்டிய விவரங்களாகவும் கொள்கிறது. இடைவெளி சொற்களைப் பிரிக்கிறது. அரைப்புள்ளி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. செங்குத்துக்கோடு ஒரு நிரலின் விளைவை இன்னொரு நிரலின் கையில் கொடுக்கிறது. மேற்கோள்குறி தனக்குள் இருப்பதை ஒரே சொல்லாகக் கட்டி வைக்கிறது. நம் எழுத்தில் நிறுத்தற்குறி வாசிப்பின் மூச்சை ஒழுங்குபடுத்துகிறது. ஷெல்லிலோ ஒவ்வொரு குறியும் ஒரு செயல்.

இனி, வலைத்தள நிரல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 'சிறிதாக்கு' என்ற சொல்லை எடுத்து, அதன் பக்கத்தில் வாசகர் தந்த கோப்பின் பெயரை ஒட்டி, ஒரே வரியாக ஷெல்லிடம் நீட்டுகிறது. கோப்பின் பெயர் 'மலர்' என்றிருந்தால் தொல்லையில்லை. அது 'மலர்; எல்லாவற்றையும் அழி' என்றிருந்தால்? ஷெல் இரண்டு கட்டளைகளைக் காண்கிறது. முன்பாதி தளத்தார் எழுதியது, பின்பாதி முகம் தெரியாத ஒருவர் எழுதியது என்று அறிந்துகொள்ள அதற்கு வழியே இல்லை. வரி வந்து சேரும்போதே இரு குரல்களும் ஒன்றாகிவிட்டன. இரண்டாம் கட்டளையும் தளத்துக்கு உள்ள அத்தனை உரிமையோடும் நிறைவேறுகிறது.

ஏட்டுச்சுவடிகளில் மூலமும் உரையும் குறியீடு ஏதுமின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருந்ததால் நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிவோம். பின்னால் வந்தவர் சேர்த்ததை 'இடைச்செருகல்' என்கிறோம். கணினித் துறையில் மேற்சொன்ன தாக்குதலுக்கு வழங்கும் பெயரும் 'கட்டளைச் செருகல்' என்று பொருள்படுவதுதான். ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டுச் செருகலை நூறாண்டு கழித்தும் ஒரு கூரிய கண் பிரித்தெடுத்துவிடலாம். இங்கே செருகல், வாசிக்கப்படும் கணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

'ஆபத்தான குறிகளை முன்கூட்டியே நீக்கிவிட்டால் போயிற்று' என்பதுதான் எப்போதும் வரும் பதில். அந்தப் பதிலின் வரலாறு நல்லதாக இல்லை.

1996 மார்ச்சில் செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அக்காலத்தின் என்சிஎஸ்ஏ, அப்பாச்சி வழங்கி மென்பொருள்களோடு 'பிஎச்எஃப்' என்ற சிறு நிரல் மாதிரிக்காகச் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. படிவத்தில் ஒரு பெயரை இட்டால் முகவரி விவரம் தேடித் தரும் நிரல் அது. தேடலை ஷெல் வழியாகச் செய்தது. எழுதியவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். அரைப்புள்ளி, செங்குத்துக்கோடு முதலானவற்றை முடக்க ஒரு செயற்கூறே வைத்திருந்தார்கள். அவர்களுடைய பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: வரி முறிவு. கவிதையை உரைநடையிலிருந்து பிரித்துக் காட்டும் அந்த வெற்றுக் குறி ஷெல்லுக்குப் புதிய கட்டளையின் தொடக்கம். அந்த ஓட்டை வழியாக, பயனர் பட்டியல் கோப்பு உட்பட வழங்கியின் உள்விவரங்களை வெளியார் படிக்க முடிந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 டிசம்பரில், மேற்கோள்குறியின் முறை வந்தது. பிஎச்பி தளங்களில் மிகப் பரவலாகப் பயன்பட்ட 'பிஎச்பிமெயிலர்' என்ற நிரல்தொகுப்பு, அனுப்புநரின் முகவரியைச் சென்ட்மெயிலை அழைக்கும் கட்டளை வரியில் சேர்த்தது. மின்னஞ்சல் முகவரியின் முதற்பகுதியை மேற்கோள்குறிக்குள் இட்டு, உள்ளே இடைவெளி விட்டும் எழுதலாம் என்று மின்னஞ்சல் நெறிமுறை அனுமதிக்கிறது. நம்மில் யாரும் அப்படி எழுதுவதில்லை, தாக்குபவர் எழுதுவார். அவ்வாறு எழுதப்பட்ட 'முகவரி', சென்ட்மெயிலுக்கான கூடுதல் ஆணைகளாகப் பிரிந்து, வழங்கியில் விரும்பிய இடத்தில் ஒரு கோப்பை எழுத வைத்தது. உடனே திருத்தம் வந்தது. முகவரியைத் தப்பெழுத்துகளால் காப்பதற்கு இன்னொரு செயற்கூறைச் சேர்த்தார்கள். பிஎச்பியின் அஞ்சல் செயற்கூறோ உள்ளுக்குள் ஏற்கெனவே ஒருமுறை அதைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு சுத்திகரிப்புகளும் ஒற்றை மேற்கோள்குறியின் விஷயத்தில் ஒன்றையொன்று குலைத்தன. சில நாட்களிலேயே மறுபடியும் ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்தது. காப்பு இரட்டிப்பானபோது ஓட்டை அடைபடவில்லை, இடம் மாறியது.

மூன்றாவது 2024 ஜூனில் வெளிவந்தது. இதில் திசை தலைகீழ். வலை வழங்கி, பிஎச்பியையே ஒரு வெளி நிரலாக அழைக்கும் சிஜிஐ முறையில் கண்டறியப்பட்டது. 2012-இல் இதே இடத்தில் ஓர் ஓட்டை இருந்து, இணைப்புக்கோட்டில் தொடங்கும் வேண்டுகோள்களை மறுப்பதன் மூலம் அடைக்கப்பட்டிருந்தது. அச்சுக்கோப்பவர்கள் 'மென் இணைப்புக்கோடு' என ஒன்றை அறிவார்கள். சொல் வரியின் இறுதியில் உடையும்போது மட்டும் தெரியும், மற்ற நேரங்களில் கண்ணுக்குப் புலப்படாது. விண்டோஸில் சீன, ஜப்பானிய மொழி அமைப்புகளில் அந்த மென்கோடு, சோதனையைக் கடந்த பின்னர், உண்மையான இணைப்புக்கோடாக மாற்றப்பட்டுவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற கதவு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியால் திறந்துகொண்டது.

வரி முறிவு, மேற்கோள்குறி, மென்கோடு. நாளை எது வருமென்று யாரும் சொல்ல முடியாது. தீய குறிகளின் பட்டியலை முழுமையாக எழுதி முடிக்க முடியும் என்ற நம்பிக்கையே தவறானது என்பது நமது முடிவு. ஒரு மொழியில் எத்தனை விதமாகப் பொருள் கொள்ள இயலும் என்பதை அம்மொழியை உருவாக்கியவர்களும் எண்ணி முடித்ததில்லை.

இதில் தமிழுக்கென்று தனியாக ஒரு நட்டமும் உண்டு. சுத்திகரிப்புக்காக பிஎச்பி தரும் 'எஸ்கேப்ஷெல்ஆர்க்' என்ற செயற்கூறு, வழங்கியின் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று விடப்பட்டிருந்தால், பழைய வழங்கிகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகளைச் சத்தமின்றி நீக்கிவிடும். ஒருங்குறியில் 'கசடதபற' என்று பெயரிட்ட கோப்பு பெயரே இல்லாத கோப்பாகிறது. 'தமிழில் பெயர் வைத்தால் வேலை செய்யாது' என்று தளம் நடத்துவோர் சொல்வதற்குப் பின்னால் இத்தகைய வடிகட்டிகள் இருப்பதுண்டு. குற்றம் தமிழின் தலையில் விழுகிறது.

மறுதரப்புக்கு உரிய மரியாதையைத் தரவேண்டும். ஷெல் ஓர் அழகிய கண்டுபிடிப்பு. சிறு நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் நன்றாகச் செய்ய, அவற்றைக் கோத்துப் பெரிய வேலையை முடிப்பது யுனிக்ஸ் மரபு. டக் மெக்கில்ராயின் யோசனைப்படி, நிரல்களை இணைக்கும் குழாய் வசதி 1973-இல் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸில் சேர்க்கப்பட்டது. பணமும் ஆளும் இல்லாத ஒரு சிறு குழு, பத்து வரிகளில் ஓர் ஆவணத் தளத்தை எழுப்ப முடிகிறதென்றால் அந்த மரபே காரணம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழி, விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் ஒருவருக்காக, தம் கட்டளைக்குத் தாமே பொறுப்பேற்கும் ஒருவருக்காக அமைந்தது. தெருவை நோக்கித் திறந்த வாசலில் அதை அமர்த்துவது அதன் இயல்புக்கே பொருந்தாதது.

மாற்று வழிகள் அரியவையல்ல. வெளி நிரலை அழைத்தே ஆகவேண்டுமென்றால், ஷெல்லை இடையில் வைக்காமல் நேராக அழைக்கலாம். நிரலின் பெயரையும் விவரங்களையும் ஒட்டிய வரியாகத் தராமல், தனித்தனி உருப்படிகளாகப் பட்டியலிட்டுத் தருவது அது. பைத்தானின் 'சப்ப்ராசஸ்' நெடுங்காலமாக இவ்வாறு இயங்குகிறது. 2019-இல் வெளிவந்த 7.4 பதிப்பு முதல் பிஎச்பியின் 'ப்ராக்_ஓப்பன்' செயற்கூறும் பட்டியலை ஏற்கிறது. அப்போது அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளியாகவே போய்ச்சேரும்.

இதுவும் முழுக்காப்பு அன்று. இணைப்புக்கோட்டில் தொடங்கும் பெயரை அழைக்கப்பட்ட நிரல் தனக்கிட்ட ஆணையாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வாசகர் தந்த பெயரைக் கட்டளையின் அருகில் கொண்டுவராமல், கோப்புக்கு நாமே ஓர் எண்ணைப் பெயராகச் சூட்டி, அசல் பெயரைத் தரவுத்தளத்தில் பத்திரப்படுத்துவது மேல். அங்கே அது தமிழிலேயே இருக்கலாம். அழைக்கப்படும் நிரலையும் கண்மூடி நம்புவதற்கில்லை. 2016 மே மாதத்தில் தெரியவந்தபடி, இமேஜ்மேஜிக் சில வகைப் படக்கோப்புகளைத் திறக்கையில் தானே ஷெல்லை நாடியது. படத்துக்குள் எழுதி வைத்த சொற்கள் கட்டளையாகிவிட்டன. எனவே இத்தகைய வேலைகளை வலைத்தளத்திலிருந்து பிரித்து, வரிசையில் காக்க வைத்து, மிகக் குறைந்த உரிமையுள்ள தனிப் பயனரின் பெயரில் முடிப்பதே முறை. படத்தின் சிறு பிரதி அரை நிமிடம் தாமதமாகத் தோன்றினால் இலக்கியத்துக்குக் கேடு வந்துவிடாது.

நம் தளங்கள் பெரும்பாலும் ஆர்வலர்களால், ஓய்வு நேரத்தில், மலிவான பகிர்வு வழங்கிகளில் நடத்தப்படுபவை. அங்கே ஏறியிருக்கும் சில இதழ்களுக்குக் காகிதப் பிரதி ஒன்றிரண்டே எஞ்சியிருக்கும். அதுவும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில். அத்தளங்களை எவரும் குறிவைக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் நம்மிடையே உள்ளது. தானியங்கி நிரல்கள் தளத்தின் பெருமையைப் பார்ப்பதில்லை. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டுமே தட்டிப் பார்க்கின்றன. இழப்பு நேர்ந்தால் அது ஒரு நிறுவனத்தின் இழப்பாக நிற்காது. தட்டச்சு செய்தவரின், மெய்ப்புப் பார்த்தவரின், பரணிலிருந்து இறக்கித் தந்தவரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அது.

ஆகவே தளம் நடத்தும் நண்பர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. உங்கள் நிரலில் 'எக்ஸெக்', 'சிஸ்டம்', 'ஷெல்_எக்ஸெக்', 'பாஸ்த்ரூ' ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். பிஎச்பியில் ஷெல் திறக்கும் கதவுகளில் முதன்மையானவை இவை. தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள், தேவையெனில் மேற்சொன்ன வழியில் மாற்றி எழுதுங்கள். பின்னர் அமைப்புக் கோப்பில் அச்செயற்கூறுகளை அறவே முடக்கி வைக்கலாம். ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் இதற்குப் போதும். நிரல் எழுதத் தெரியாத வாசகர்களும், தாம் உழைப்பையோ பணத்தையோ தந்து தாங்கும் தளத்தின் பொறுப்பாளரிடம், வாசகர் தரும் சொல் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கலாம். அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.